பில்லுக்கு ஒரு நிறம்



பேரேடு எழுதிய காலத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினோம். ஒருவர் பற்று இன்னொருவர் பக்கத்துக்குப் போக வழியில்லை. கணினிக்கு மாறிய பிறகு எல்லோருடைய சரக்கும் ஒரே தாளில் வரிவரியாக ஓடுகிறது. வசதிதான். ஆனால் ஒரு பில் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

அரிமளத்தில் என் மொத்தக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து ஊர் மளிகைக்காரர் ஒருவரின் பாக்கியைக் கூட்டும்போது, அடுத்த பில்லின் முதல் வரியில் இருந்த துவரம் பருப்பு மூட்டையையும் சேர்த்துவிட்டேன். அவர் சிட்டையைக் கொண்டுவந்து காட்டிய பிறகே தவறு தெரிந்தது. தொகையைக் கழித்துக்கொண்டோம். ஆனால் அதுவரை என் கணக்கைப் பார்க்காமலே பணம் கொடுத்தவர், அன்று முதல் ஒருமுறை கூட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறார். நஷ்டம் அதுதான்.

இதற்கு மருந்து எக்செல் கணக்குத் தாளிலேயே இருக்கிறது. 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்', அதாவது நிபந்தனைப்படி நிறமிடுதல், எக்செல் 97 பதிப்பில் வந்த வசதி. வரி விட்டு வரி நிறம் கொடுத்தால் மூன்று சரக்குள்ள பில் மூன்று துண்டாகத் தெரியும். கையால் நிறம் பூசினாலோ, வரிகளை வேறு வரிசையில் அடுக்கும்போது நிறமும் கூடவே போய்ச் சிதறும். பில் எண் மாறும் இடத்தில் மட்டுமே நிறம் மாற வேண்டும்.

செய்முறை வருமாறு:

1. முதல் வரியில் தலைப்பு, ஏ பத்தியில் பில் எண், ஜி பத்தி வரை கணக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் பில் எண் இருக்கட்டும். எண் வாரியாக அடுக்கிக்கொள்ளுங்கள்.

2. எச்1 கட்டத்தைக் காலியாக விட்டு, எச்2 கட்டத்தில் =(ஏ2<>ஏ1)+எச்1=1 என்று தட்டி, கடைசி வரி வரை இழுத்துவிடுங்கள். எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். பில் மாறும்போதெல்லாம் 'ட்ரூ', 'ஃபால்ஸ்' என மாறி மாறி வரும். அதே பில் தொடர்ந்தால் மேலே உள்ளதே தொடரும்.

3. ஏ2 கட்டத்தில் தொடங்கி ஜி பத்தியின் கடைசி வரி வரை தேர்ந்தெடுத்து, ஹோம், கண்டிஷனல் ஃபார்மேட்டிங், நியூ ரூல், 'யூஸ் எ ஃபார்முலா' என்று வரிசையாகப் போய் =$எச்2 என்று கொடுங்கள். டாலர் குறியை விட்டுவிட்டால் முழு வரிக்கும் நிறம் ஒழுங்காக ஏறாது.

4. ஃபார்மேட், ஃபில் என்ற இடத்தில் மெல்லிய நிறம் தேர்ந்தெடுங்கள். அடர்ந்த நிறம் ஜெராக்ஸில் கறுத்து எண்களை மறைக்கும்.

இடையில் வரியைச் சேர்த்தாலோ நீக்கினாலோ எச்2 கட்டத்தை மறுபடி கீழே இழுத்துவிட மறக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இந்த ஏற்பாடு உண்டு.

நிறம் நமக்காகக் கூட்டிக் கொடுக்காது. பேரேட்டின் பக்கம் காட்டிய எல்லையை அது கண்ணுக்குக் காட்டும், அவ்வளவே. நிறம் மாறும் இடத்தில் நின்று கூட்டிவிட்டு, அதன் பிறகு பாக்கி கேளுங்கள்.