சின்னக் கம்ப்யூட்டருக்கு எந்தக் கூலர்?

புனேயில் 'கூலர்' என்றால் ஜன்னலோரம் நின்று தண்ணீர் சொட்டும் பெரிய பெட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே பார்க்கப் போவது உள்ளங்கையில் அடங்கும் வேறொரு கூலர். கம்ப்யூட்டருக்குள் பிராசஸரின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இறக்குகிற சிறு விசிறியும் உலோகத் தகடுகளும்தான் அது.

இடநெருக்கடியுள்ள ஃபிளாட்டுகளில் வாழும் நம் குடும்பங்களில் பலரும் இப்போது சின்ன கேபினட்டையே விரும்புகிறார்கள். கேபினட் சிறுத்தால் கூலரும் குட்டையாக வேண்டும். கோடைப் பரீட்சைச் சமயத்தில் பிள்ளையின் கம்ப்யூட்டர் ஆமையாக நகர்ந்தால், குறை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

பிராசஸர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகவே வெளிவருகிறது. 1993-ல் வந்த 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் சுமார் 16 வாட்தான் எடுத்தது. இன்று வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் இன்டெல் ஐ5-12400 பிராசஸருக்கு 65 வாட் என்று குறித்திருப்பார்கள். ஆனால் முழு வேகத்தில் அது 117 வாட் வரை போகலாம் என்பதையும் இன்டெல் சொல்கிறது. வாங்குபவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுவது உண்டு.

இந்தச் சூட்டுப் பிரச்சினை நம் ஊருக்குப் புதிதல்ல. 1991-ல் 'பரம் 8000' சூப்பர் கம்ப்யூட்டரை உருவாக்கிய சி-டாக் நிறுவனம் புனேயில்தான் இருக்கிறது. பாஷாணில் உள்ள ஐசர் வளாகத்தில் 2019-ல் அமைந்த 'பரம் பிரம்மா'வில், சூட்டை எடுத்துச் செல்ல பிராசஸர்களை ஒட்டியே திரவம் ஓடுகிறது. வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை, காற்றே போதும். ஆனால் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும்.

ஓர் உதாரணம்

ஆஸ்திரிய நிறுவனமான நோக்டுவாவின் என்.எச்-எல்9ஐ இந்த வகையில் பெயர் பெற்றது. விசிறியோடு சேர்த்தே உயரம் 37 மில்லிமீட்டர்தான். வழக்கமான கோபுர வகைக் கூலர்களோ 150 மில்லிமீட்டரையும் தாண்டும். செம்பு அடித்தளம், இரண்டு ஹீட் பைப்புகள், அலுமினியத் தகடுகள், மேலே 92 மில்லிமீட்டர் விசிறி. காற்று கீழ்நோக்கி வீசுவதால் மதர்போர்டின் மற்ற பாகங்களுக்கும் கொஞ்சம் குளிர்ச்சி கிடைக்கும். ஆனால் தகடுகளின் பரப்பு குறைவு. ஆகவே அதிக வாட் பிராசஸருக்கு இது ஏற்றதல்ல.

நம் ஊர்க் கணக்கு

வெளிநாட்டு மதிப்புரைகளில் "72 டிகிரிதான் வந்தது" என்று படிக்கிறோம். அங்கே அறையின் வெப்பம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். கூலரால் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசஸரை வைக்க முடியாது. அறையைவிட எத்தனை டிகிரி அதிகம் என்பதுதான் அதன் உண்மையான மதிப்பெண்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 25 டிகிரி அறையில் 65 வாட்டுக்கு 72 டிகிரி வந்தால் வித்தியாசம் 47. அதாவது ஒரு வாட்டுக்குச் சுமார் 0.72 டிகிரி. ஏப்ரலில் ஏ.சி. இல்லாத அறை 38 டிகிரி என்றால், 38-உம் 47-உம் சேர்ந்து 85. பரவாயில்லை. அதே பிராசஸர் 90 வாட் எடுத்தால் வித்தியாசம் 65 ஆகும். 25 டிகிரி அறையில் அது 90, தாங்கும். நம் 38 டிகிரி அறையில் 103! ஐ5-12400-க்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உடனே கெட்டுவிடாது, ஆனால் கொடுத்த காசுக்கு வேலை செய்யாது.

இன்னொன்று. புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்று சென்னையைவிட ஏறக்குறைய 5 சதவீதம் மெலிந்தது. அதனாலும் ஓரிரு டிகிரி கூடலாம்.

வீட்டிலேயே சோதிக்க

1. கம்ப்யூட்டர் அருகே ஒரு தெர்மாமீட்டர் வைத்து அறை வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பிராசஸரின் வெப்பம், வாட், வேகம் மூன்றும் தெரியும். சினிபெஞ்ச் போன்ற கடினமான வேலையை 20 நிமிடம் ஓடவிட்டு, வெப்பம் ஏறாமல் நிலைத்த பிறகு எழுதிக்கொள்ளுங்கள்.

3. பிராசஸர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, வாட்டால் வகுங்கள். வரும் எண் சிறியதாக இருந்தால் நல்லது.

4. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றம் கூலருடையதல்ல. கேபினட்டில் காற்றுக்கு வழியில்லை.

5. இரவு அமைதியில் விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். படிக்கும் அறையில் இதுவும் முக்கியம்.

வாங்குமுன் கேபினட் எவ்வளவு உயரமான கூலரை ஏற்கும் என்பதையும், மதர்போர்டின் சாக்கெட்டுக்கு ஏற்ற மாடலா என்பதையும் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் புதிதாகச் செலவு செய்யும் முன் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, தகடுகளில் அடைந்த தூசியை மெல்லிய பிரஷ்ஷால் எடுப்பது. கட்டட வேலை ஓயாத நம் பேட்டைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது அவசியம். இரண்டு, பல மதர்போர்டுகளின் பயாஸில் பிராசஸரின் வாட்டை 65-க்குக் கட்டுப்படுத்தும் வசதி உண்டு. பாடம், கணக்கு, கடிதம் எழுதுவது போன்ற வேலைகளுக்கு வித்தியாசமே தெரியாது. ஜன்னலோரத் தண்ணீர்க் கூலரின் ஈரக்காற்று நேரே கேபினட்டில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தூசியும் ஈரமும் சேர்ந்தால் தகடுகளில் அப்பிக்கொள்ளும்.

வீடியோ எடிட்டிங், பெரிய விளையாட்டுகள் என்று மணிக்கணக்கில் முழு வேகம் தேவைப்படுபவர்கள் சற்றுப் பெரிய கேபினட்டும் உயரமான கூலரும் வாங்குவதே நல்லது. மற்றவர்களுக்குச் சின்னக் கூலரே போதும்; சோதனையை மட்டும் டிசம்பர் குளிரில் செய்யாமல் ஏப்ரல் மத்தியானத்தில் செய்து பாருங்கள்.