ஷட் டவுன் செய்யும் முன்: உள்ளே இன்னும் யார் இருக்கிறார்கள்?

கம்ப்யூட்டரை அணைக்க மூன்றே கிளிக்: ஸ்டார்ட், பவர், ஷட் டவுன். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு இதுவே போதும். வீட்டில் இரண்டு மூன்று பேருக்குத் தனித்தனி யூசர் அக்கவுண்ட் இருந்தால் கதை வேறு.

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் நானே இதில் மாட்டிக்கொண்டேன். என் அக்கா பள்ளி ஆசிரியை. மறுநாள் தேர்வுக்கு வேர்டில் வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தவர், சாப்பிட எழுந்து போனார். நான் ஸ்விட்ச் யூசர் கொடுத்து என் அக்கவுண்டில் நுழைந்து, மெயில் பார்த்துவிட்டு ஷட் டவுன் செய்தேன். வேறொருவர் இன்னும் இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறார், இப்போது மூடினால் அவர் சேவ் செய்யாத வேலை போய்விடலாம் என்று விண்டோஸ் எச்சரித்தது. படிக்காமலே 'ஷட் டவுன் எனிவே' பட்டனை அழுத்திவிட்டேன். பிறகு வேர்டு தானாக எடுத்து வைத்திருந்த நகல் கிடைத்தது. கடைசி ஐந்து கேள்விகள் அதில் இல்லை. அன்று இரவு அவற்றை அக்கா சொல்லச் சொல்ல டைப் செய்தது நான்தான்.

ஸ்விட்ச் யூசர் என்பது அறைக் கதவைச் சாத்திவிட்டு வருவது போல. உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதாவது, திறந்த புரோகிராம்கள் மெமரியில் ஓடிக்கொண்டே இருக்கும். சைன் அவுட் செய்தால்தான் அவை மூடப்படும். விண்டோஸில் இப்படி யூசர் மாறும் வசதி 2001-ல் வந்த எக்ஸ்பியில் அறிமுகமானது.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் யூசர்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள். உங்கள் பெயர் தவிர வேறு பெயர் இருந்தால் அவரைக் கூப்பிட்டு, சேவ் செய்து சைன் அவுட் செய்யச் சொல்லுங்கள். அங்கேயே அவரை சைன் ஆஃப் செய்யவும் வழி உண்டு; ஆனால் அதிலும் சேவ் செய்யாதது போய்விடும்.

கம்ப்யூட்டர் மூடத் தாமதமானால் சிலர் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைப்பார்கள். இதைப் பழக்கமாக்காதீர்கள். நீங்கள் சேவ் செய்த ஃபைல்கூட உடனே டிஸ்கில் எழுதப்படுவதில்லை. சிறிது நேரம் மெமரியில் காத்திருக்கும். முறையாக ஷட் டவுன் செய்யும்போது அதெல்லாம் டிஸ்கில் எழுதப்பட்ட பிறகே மின்சாரம் நிற்கும். கம்ப்யூட்டர் முற்றிலும் உறைந்துபோனால் மட்டும் பட்டனைத் தொடுங்கள். கரண்ட் போய் யுபிஎஸ் அலறும்போது மட்டும் மரியாதை பார்க்காமல் வீடு முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டுக் கூப்பிடலாம்!

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1969-ல் பெல் லேப்ஸில் தொடங்கிய யூனிக்ஸின் வழியில் வந்தது லினக்ஸ். அந்த நாள் யூனிக்ஸில் ஒரே மெஷினில் பல டெர்மினல்கள் வழியே பலர் வேலை செய்வார்கள். சொல்லாமல் அணைத்தால் அத்தனை பேர் வேலையும் போகும். அதனால் லினக்ஸின் ஷட்டவுன் கட்டளையிலும் முன்னறிவிப்பு உண்டு. டெர்மினலில் முதலில் 'ஹூ' கட்டளை கொடுத்தால் உள்ளே இருப்பவர்களின் பட்டியல் வரும். பிறகு 'சூடோ ஷட்டவுன்' கட்டளையுடன் ப்ளஸ் குறியும் 10 என்ற எண்ணும் சேர்த்துக் கொடுத்தால், பத்து நிமிடத்தில் மெஷின் அணையப் போகிறது என்ற செய்தி மற்ற டெர்மினல்களுக்குப் போகும். கடைசி ஐந்து நிமிடங்களில் புதிதாக யாரும் லாகின் செய்ய முடியாது. மனம் மாறினால் அதே கட்டளையுடன் மைனஸ் குறியும் 'சி' எழுத்தும் சேர்த்து ரத்து செய்யலாம்.

ரீஸ்டார்ட் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. இது இயங்கும் கம்ப்யூட்டர்களில் ஷட் டவுன் கொடுத்தால் யூசர்கள் வெளியேற்றப்படுவார்கள். விண்டோஸின் மையப்பகுதி மட்டும் முழுதாக மூடப்படாமல் அப்படியே டிஸ்கில் எழுதி வைக்கப்படும். அதனால் பிரின்டர் தகராறு செய்கிறது என்று ஷட் டவுன் செய்து திரும்ப ஆன் செய்தால், சில நேரம் அதே தகராறு திரும்பி வரும். அப்போது ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுதான் எல்லாவற்றையும் முழுதாக மூடித் திறக்கும். அணைத்துவிட வேண்டும், ஆனால் முழுதாக மூடவும் வேண்டும் என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள். எச்சரிக்கை வந்தால் என்னைப் போல் இல்லாமல், படித்துவிட்டு.