கிள்ளான் பள்ளத்தாக்கில் கழிவுநீரும் தொட்டிக் கசடும்: ஒருங்கிணைந்த சுத்திகரிப்பு நிலைய வடிவமைப்பு – ஒரு விளக்கம்

முன்னுரை

கோலாலம்பூரிலும் அதனைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவு இருவேறு வழிகளில் செல்கின்றது. அடுக்குமாடிகளிலும் புதிய குடியிருப்புகளிலும் அது நிலத்தடிக் குழாய்களின் வழியாக நேரே சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைகின்றது. பழைய வரிசை வீடுகளிலும் கம்பங்களிலும் அது வீட்டு வளாகத்திலேயே புதைக்கப்பட்டுள்ள செப்டிக் தொட்டியில் தங்குகின்றது. தொட்டியில் தெளிந்த நீர் வெளியே வடிந்துவிட, அடியில் படியும் கசட்டை உறிஞ்சு லோரிகள் அவ்வப்போது வந்து அள்ளிச் செல்கின்றன. நாடு முழுவதிலும் இத்தகைய தனித் தொட்டிகள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டவை.

அந்த லோரி எங்கே செல்கின்றது என்பது பலரும் எழுப்பாத வினாவாகும். குழாய்வழி வரும் கழிவுநீரையும் லோரிவழி வரும் தொட்டிக் கசட்டையும் ஒரே நிலையத்தில் சுத்திகரிக்க இயலுமா, இயலுமாயின் அந்நிலையத்தை எவ்வாறு வடிவமைக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணி

கோலாலம்பூர் சுகாதார வாரியம் 1890ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. அக்காலத்தில் குழிக் கழிப்பிடமும் வாளிக் கழிப்பிடமுமே பெரும்பான்மையோருக்கு இருந்தன. நகரின் துப்புரவுப் பணிகளில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் பெருமளவில் ஈடுபட்டிருந்தனர். ஆதலின், மலேசியக் கழிவுநீர் வரலாறு பொறியியல் வரலாறாக மட்டுமன்றி நம் சமுதாயத்தின் உழைப்பு வரலாறாகவும் கருதத்தக்கது.

1950ஆம் ஆண்டுகளில் செப்டிக் தொட்டிகளும் இம்ஹாப் தொட்டிகளும் பரவலாயின. 1960ஆம் ஆண்டுகள் முதல் ஆக்சிஜனேற்றக் குளங்களும், 1970ஆம் ஆண்டுகளில் இயந்திரக் காற்றூட்டக் குளங்களும், 1980ஆம் ஆண்டுகளில் முழு இயந்திரமயமான நிலையங்களும் வந்து சேர்ந்தன. புதியது வந்தபொழுது பழையது முற்றாக மறைந்துவிடவில்லை. ஆகவேதான் இன்றும் ஒரே வட்டாரத்தில் அரை நூற்றாண்டுப் பழமையுடைய தொட்டியும் நவீன நிலையமும் அருகருகே இயங்குகின்றன.

உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் இருந்த இச்சேவை, 1993ஆம் ஆண்டுக் கழிவுநீர்ச் சேவைச் சட்டத்தின்கீழ் தேசிய அளவில் ஒருங்கிணைக்கப்பட்டது. 1994இல் பணியைத் தொடங்கிய இண்டா வாட்டர் நிறுவனத்தை 2000ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியைத் தூர்வாரும் அட்டவணை முறை நடைமுறையில் இருந்தது. 2006ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்ததும் அம்முறை கைவிடப்பட்டு, வீட்டுரிமையாளர் கேட்டால் மட்டுமே லோரி வரும் என்ற நிலை ஏற்பட்டது. கேட்போர் தொகை குறைந்தது. பின்னர் அட்டவணை முறைக்குத் திரும்பும் நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டன. இம்மாற்றங்களை வெறும் நிர்வாகச் செய்திகளாகக் கொள்ளலாகாது. ஒரு நிலையத்திற்கு நாளொன்றுக்கு எத்தனை லோரி வரும் என்பதை இவையே தீர்மானிக்கின்றன.

கொள்ளளவும் சுமையும்

மலேசியாவில் கழிவுநீர் நிலையங்கள் ‘மக்கள்தொகைச் சமானம்’ என்னும் அலகால் அளவிடப்படுகின்றன. ஒருவர் நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீரை வெளியேற்றுகிறார் என்பது வடிவமைப்பு அடிப்படை. அந்நீரில் 56 கிராம் உயிர்வளித் தேவையும் 68 கிராம் மிதவைத் திடப்பொருளும் உள்ளதாகக் கொள்வர். உயிர்வளித் தேவை என்பது, நீரிலுள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் ஐந்து நாளில் சிதைப்பதற்குச் செலவிடும் ஆக்சிஜனின் அளவாகும். லிட்டருக்குக் கணக்கிட்டால் இவை முறையே ஏறத்தாழ 250 மில்லிகிராமும் 300 மில்லிகிராமும் ஆகும்.

தொட்டிக் கசட்டின் இயல்பு வேறு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் 1984ஆம் ஆண்டுக் கையேடு, அதன் சராசரி உயிர்வளித் தேவையை லிட்டருக்குச் சுமார் 6,500 மில்லிகிராம் என்றும், மிதவைத் திடப்பொருளைச் சுமார் 13,000 மில்லிகிராம் என்றும் தருகின்றது. தொட்டிக்குத் தொட்டி இவ்வளவு பெரிதும் மாறுபடும். ஆகவே உள்ளூர்க் கசட்டை அளந்தறிந்த பின்னரே இறுதி வடிவமைப்பை முடிவுசெய்ய வேண்டும். ஆயினும் அளவின் தன்மையை உணர்ந்துகொள்ள இவ்வெண்கள் போதுமானவை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு நகரில் 100,000 செப்டிக் தொட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை 2 கன மீட்டர் கசடு எடுக்கப்படுகின்றது எனக் கொள்வோம். நாட்சராசரி சுமார் 274 கன மீட்டர் ஆகும். இக்கசட்டை 100,000 மக்கள்தொகைச் சமானமுடைய ஒரு நிலையம் ஏற்பதாக வைத்துக்கொண்டால், அந்நிலையத்தின் அன்றாட நீர்வரத்து 22,500 கன மீட்டர். கசட்டின் கொள்ளளவு அதில் 1.2 விழுக்காடுதான். கொள்ளளவை மட்டும் பார்ப்பவர், இதனைத் தாராளமாக ஏற்கலாம் என்றே முடிவுசெய்வார்.

சுமையைக் கணக்கிட்டால் அம்முடிவு தலைகீழாகின்றது. 274 கன மீட்டர் கசட்டில் நாளொன்றுக்குச் சுமார் 1,780 கிலோகிராம் உயிர்வளித் தேவை உள்ளது. இஃது ஏறத்தாழ 32,000 மக்களின் சுமைக்குச் சமம். மிதவைத் திடப்பொருள் சுமார் 3,560 கிலோகிராம். இது 52,000 மக்களுக்குச் சமம். ஆக, கொள்ளளவில் ஏறத்தாழ 1,200 பேருக்கு ஈடான கசடு, காற்றூட்டலில் 32,000 பேராகவும் கசடு கையாளுதலில் 52,000 பேராகவும் வந்து நிற்கின்றது. 10 கன மீட்டர் ஏற்றிய ஒரே லோரி, ஏறத்தாழ 1,160 பேரின் ஒருநாள் சுமையைக் கொண்டு வருகின்றது. ஒருங்கிணைந்த நிலைய வடிவமைப்பின் அடிப்படை உண்மை இதுவே எனலாம்: குழாய்களின் அளவையும் தொட்டிகளின் நீர்க்கொள்ளளவையும் கழிவுநீர் தீர்மானிக்கின்றது, காற்றூட்டிகளின் ஆற்றலையும் கசடு இயந்திரங்களின் எண்ணிக்கையையும் தொட்டிக் கசடு பெரிதும் மாற்றிவிடுகின்றது.

நேரமும் கருதத்தக்கது. மலேசிய வடிவமைப்பு நெறியின்படி, மக்கள்தொகையை ஆயிரத்தில் கொண்டு அதன் –0.11 அடுக்கை 4.7ஆல் பெருக்கினால் உச்சக் காரணி கிடைக்கும். 100,000 பேருக்கு அது சுமார் 2.8. கழிவுநீரின் உச்சம் காலையிலும் மாலையிலும் அமையும். லோரிகளோ அலுவல் நேரத்தில் மட்டும் வருகின்றன. ஆண்டுக்கு 300 வேலை நாள் எனில், ஒரு வேலைநாளில் வருவது 333 கன மீட்டர். எட்டு மணி நேரத்தில் இறக்கினால் மணிக்கு ஏறத்தாழ 42 கன மீட்டர். அதையே இருபத்துநான்கு மணி நேரத்திற்குப் பகிர்ந்தால் மணிக்கு 14 கன மீட்டராகக் குறைகின்றது.

வரவேற்புப் பகுதியின் அமைப்பு

தொட்டிக் கசட்டை நிலையத்தின் முகப்பிலுள்ள ஆள்நுழை குழியிலேயே கொட்டிவிடுவது எளிய வழி. செலவும் குறைவு. ஆனால் மணலும் கல்லும் தலைமுடியும் துணியும் நெகிழியும் அப்படியே உள்ளே சென்று குழாய்களையும் இறைப்பான்களையும் அடைக்கும். சுமை ஒரே வீச்சில் காற்றூட்டத் தொட்டியைத் தாக்கும். எனவே தனி வரவேற்புப் பகுதி இன்றியமையாதது.

அதன் முதல் உறுப்பு எடைமேடையும் பதிவேடும் ஆகும். ஒவ்வொரு லோரியும் எங்கிருந்து வந்தது, எவ்வளவு கொண்டு வந்தது என்பன பதிவு செய்யப்பட வேண்டும். அடுத்தது மாதிரி எடுத்தல். நிறம், மணம், அமில காரத் தன்மை ஆகியவற்றைச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். கிள்ளான், ஷா ஆலாம் போன்ற தொழிற்சாலை மிகுந்த வட்டாரங்களில் இது வெறும் சடங்கன்று. தொழிற்சாலைக் கழிவுகளுள் பல, 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்கீழ்த் தனியே கையாளப்பட வேண்டியவை. அத்தகைய இரசாயனம் ஒரு லோரி அளவில் கலந்தாலும் நிலையத்தின் நுண்ணுயிர்கள் மடிந்து, மீண்டும் வளர வாரக்கணக்கில் ஆகலாம். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லிட்டல் இந்தியா ஆகிய பகுதிகளில் நிறைந்துள்ள உணவகங்களின் கொழுப்புப் பொறிகளிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய்க் கழிவையும் தொட்டிக் கசட்டோடு கலக்க விடலாகாது. எண்ணெய் நுண்ணுயிர்களைச் சூழ்ந்து ஆக்சிஜன் சேர்வதைத் தடுப்பதோடு, குழாய்ச் சுவர்களிலும் கட்டியாக உறையும்.

சோதனைக்குப் பின்னர், கல் பொறி, சல்லடை, மணல் நீக்கி ஆகியவற்றைக் கடந்து கசடு தேக்கத் தொட்டியை அடைகின்றது. இத்தொட்டி குறைந்தது ஒருநாள் வரவையேனும் தாங்க வேண்டும். பெருநாள்களுக்கு முன்னர் வீட்டைத் துப்புரவு செய்வோரின் கோரிக்கை கூடலாம். விடுமுறை நாள்களில் லோரிகள் ஓடாமல் நிற்கலாம். இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தே கொள்ளளவைத் தீர்மானிக்க வேண்டும். உள்ளே கலக்கியும், மேலே மூடியும், துர்நாற்றக் காற்றை உறிஞ்சி வடிகட்டும் கருவியும் வேண்டும். செப்டிக் கசட்டிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உயிருக்கு ஆபத்தானது, கான்கிரீட்டையும் அரிப்பது. ஆகவே தொழிலாளர் தொட்டிக்குள் இறங்கத் தேவையில்லாத வகையில் அனைத்துப் பராமரிப்பும் மேலிருந்தே செய்யத்தக்கதாக அமைதல் வேண்டும். மலம் அள்ளும் பணியை மனிதர் தலையிலிருந்து இறக்கியதுதான் இத்துறையின் பெருஞ்சாதனை. புதிய நிலையம் அதனை வேறு வடிவில் மீண்டும் சுமத்தலாகாது.

இரு வழிப் பிரிவு

தேக்கத் தொட்டியிலிருந்து கசட்டை நேரே காற்றூட்டத் தொட்டிக்கு அனுப்புவதைக் காட்டிலும், முதலில் திண்மத்தையும் நீரையும் பிரித்துவிடுதல் சிறந்தது. கசட்டின் உயிர்வளித் தேவையில் பெரும்பகுதி திண்மத் துகள்களோடு ஒட்டியே உள்ளது. துகள்களைத் திரளச் செய்யும் பலபடிச் சேர்மத்தைச் சேர்த்துப் பிழிந்தால், அப்பகுதி காற்றூட்டலைத் தொடாமலே கசடு வழியில் சென்றுவிடும். மின்சாரச் செலவில் பெரும்பங்கை விழுங்குவது காற்றூட்டலே என்பதால் இப்பிரிவு பொருளாதார நோக்கிலும் ஏற்புடையது.

பிரிந்த நீர் கழிவுநீரோடு கலந்து சுத்திகரிக்கப்படும். அந்நீரில் அம்மோனியா மிகுதி. 2009ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தர (கழிவுநீர்) விதிமுறைகள், குடிநீர் எடுக்குமிடத்திற்கு மேற்புறம் அமைந்த புதிய நிலையங்களுக்கு ‘ஏ’ தரத்தை விதிக்கின்றன: ஆற்றில் விடப்படும் நீரில் உயிர்வளித் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராம், மிதவைத் திடப்பொருள் 50, அம்மோனியா நைட்ரஜன் 10. ஏனைய இடங்களுக்குரிய ‘பி’ தரத்தில் இவை முறையே 50, 100, 20. எனவே பிரிந்த நீரை இரவு நேரத்தில், கழிவுநீர் வரத்து குறைந்து காற்றூட்டிகள் ஓய்ந்திருக்கும்பொழுது, சிறிது சிறிதாகச் செலுத்துவது நல்லது.

பிரிந்த திண்மத்தை நிலையத்தின் சொந்தக் கசட்டோடு சேர்த்துக் கையாளலாம். ஆனால் எரிவாயுவைப் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. ஈராண்டு தொட்டியில் கிடந்த கசடு முன்னரே பாதி செரித்த பொருள். புதிய கசட்டைப் போல் மீத்தேனைத் தராது. மேற்கண்ட எடுத்துக்காட்டின் திண்மம் முழுவதையும் 20 விழுக்காடு உலர்நிலைக்குப் பிழிந்தால் நாள்தோறும் ஏறத்தாழ 18 டன் கட்டிக் கசடு சேரும். அதனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தை முன்கூட்டியே முடிவுசெய்யாத வடிவமைப்பு முழுமையற்றது.

இடத்தேர்வும் லோரியின் பாதையும்

பிரிக்பீல்ட்சுக்கு அருகே, கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள பந்தாய் டாலாம் நிலையம் இடநெருக்கடிக்குத் தக்க சான்றாகும். திறந்த குளங்கள் இருந்த வளாகத்தில், 1,423,000 மக்கள்தொகைச் சமானத்திற்கான, நாளொன்றுக்குச் சுமார் 320,000 கன மீட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் நிலத்தடியில் கட்டப்பட்டது. மேலே பொதுப் பூங்கா அமைந்துள்ளது. நிலையத்தை மூடிக் கட்டினால் அக்கம்பக்கத்தார் அதனோடு இணங்கி வாழ இயலும் என்பதை இது காட்டுகின்றது.

தொட்டிக் கசட்டைப் பொறுத்தவரை, ஒரே பெரிய நிலையம் போதாது. கிள்ளானில் நிரப்பப்பட்ட லோரி முப்பது கிலோமீட்டர் நெரிசலில் ஊர்ந்து தலைநகருக்கு வர வேண்டுமாயின், ஒரு நாளில் அது முடிக்கும் நடைகள் குறையும். நேரமும் எரிபொருளும் செலவாகச் செலவாக, இடைவழியில் ஏதேனும் ஒரு சாக்கடையில் கொட்டிவிடும் ஆசை எழும். எனவே கசடு வரவேற்பு வசதி பல நிலையங்களில் பரவலாக அமைய வேண்டும். தாழ்நிலமான கிள்ளானில் வெள்ளமும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா போன்ற குடியிருப்புகள் மூழ்கியதை நாம் அறிவோம். வெள்ளத்தில் மூழ்கும் தொட்டிகளின் கசடு நீரோடு கலந்துவிடுவதால், பழைய தொட்டிகளைக் குழாய் இணைப்புக்கு மாற்றும் வரிசையில் அத்தகைய தாழ்ந்த பகுதிகளுக்கு முதலிடம் தருவது தகும்.

தமிழகத்திலும் இதே சிக்கல் உண்டு. தமிழ்நாடு அரசு 2014ஆம் ஆண்டில் கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெரிய நகரங்களில் லோரிகள் கழிவுநீர் நிலையங்களில் கசட்டை இறக்குகின்றன. கழிவுநீர் நிலையம் எட்டாத சிற்றூர்களுக்கெனத் தனிக் கசடு நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. 2017இல் இயங்கத் தொடங்கிய கருங்குழி நிலையம் அவற்றுள் முன்னோடி. அருகில் பெரிய நிலையம் இருந்தால் இணைத்துச் சுத்திகரிப்பது, இல்லையேல் தனித்துச் சுத்திகரிப்பது என்னும் இந்நெறி நமக்கும் பொருந்துவதாகும்.

முடிவுரை

2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த கழிவினால் சிலாங்கூர் ஆற்றின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு நீர் நின்றது. அது தொழிற்சாலைக் கழிவு, தொட்டிக் கசடன்று. எனினும் ஆற்றில் கொட்டப்படுவது எதுவாயினும் அது நம் குழாயடிக்கே திரும்பும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

ஒருங்கிணைந்த சுத்திகரிப்பு இயலக்கூடியதே. அதற்கு மூன்று முன்தேவைகள் உள்ளன. கசட்டைக் கொள்ளளவால் அன்றிச் சுமையால் கணக்கிடுதல் முதலாவது. திண்மத்தைத் தொடக்கத்திலேயே பிரித்து, நீரைக் காலமறிந்து செலுத்துதல் இரண்டாவது. தொட்டிகள் உரிய காலத்தில் தூர்வாரப்படுவதைச் சட்டமும் வீட்டுரிமையாளரும் உறுதிசெய்தல் மூன்றாவது. முதலிரண்டும் பொறியாளர் கையில் உள்ளன; மூன்றாவது நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் உள்ளது. ஈராண்டுக்கொருமுறை தொட்டி திறக்கப்படாத நகரில் எவ்வளவு சிறந்த நிலையம் எழுந்தாலும் அதற்கு லோரி வராது. அள்ளப்படாத கசடு தொட்டியில் நிரம்பி வழிந்து, சாக்கடை வழியாகக் கிள்ளான் ஆற்றையே சென்று சேரும்.