பாஷை அறியாத டைரக்டர்

ஆடி மாதம் அந்தியூர்க் குருநாதசுவாமி திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தை பிரசித்தமானது. வட மாகாணங்களின் குதிரைகளும் அங்கே வந்து நிற்கும். வாங்க வந்தவர் குதிரையின் ஊரைக் கேட்பார். ஆயினும் நடையைப் பார்த்த பிறகே விலை பேசுவார். கலை விஷயத்திலும் இதுவே முறை என்பது நமது அபிப்பிராயம். எல்லிஸ் ஆர். டங்கனின் சரித்திரத்தைச் சுதேசாபிமானிகள் இந்நோக்குடன் ஆராய வேண்டுகிறோம்.

அமெரிக்காவில், ஒஹையோ மாகாணத்தில் 1909-ல் பிறந்த டங்கன், தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமாக் கலை பயின்றார். உடன் பயின்ற மாணிக்லால் டாண்டனின் அழைப்பின் பேரில் 1935-ல் இந்தியா வந்தார். சில மாதங்கள் தங்க வந்தவர் பதினைந்து ஆண்டுகள் தங்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது; மொழிபெயர்ப்பாளர் துணையுடனேயே வேலை செய்தார்.

அவருடைய முதல் தமிழ்ப் படமான ‘சதி லீலாவதி’யை (1936) எடுத்தவர் கோயம்புத்தூர் மருதாசலம் செட்டியார். எஸ். எஸ். வாசனின் கதை அது. குடியினால் கெட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகும் ஒருவனைப் பற்றியது. அடுத்த ஆண்டே சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. காலத்துக்கேற்ற கதை என்பதை யாரே மறுக்க வல்லார்? பின்னாளில் முதலமைச்சரான எம். ஜி. இராமச்சந்திரன் திரையில் முதன்முதல் தோன்றியதும் அப்படத்திலேதான்.

நாடக மேடையை அப்படியே படம் பிடிப்பதே அக்காலத்து வழக்கம். டங்கனோ காமிராவை இடம் பெயர்த்தார். ‘மீரா’வுக்காக (1945) எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் முகத்தைச் சிலையாக வார்ப்பித்து, ஒளி எப்பக்கம் விழுந்தால் முகம் பொலியும் என்று ஜிதன் பானர்ஜியுடன் சோதித்துப் பார்த்தார். நடிகையை வெயிலிலும் விளக்கிலும் வாட்டாமல் வேலையைத் தேர்ந்து கொண்ட அந்தச் சிரத்தையே அவரது நடை.

யுத்த காலத்தில் அன்னிய சர்க்காருக்காகச் செய்திப் படங்கள் எடுத்தவரன்றோ எனச் சிலர் கேட்கலாம். உண்மையே, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் எடுத்த ‘மீரா’வின் ஹிந்திப் பதிப்பை 1947-ல் தேசத்துக்கு அறிமுகம் செய்தவர் சரோஜினி நாயுடு. அரசியலில் அன்னியரை எதிர்த்தவர்கள் கலையில் குணத்தை மறுக்கவில்லை.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’ வெளிவந்த 1950-ல் அவர் தாயகம் திரும்பினார்; 2001-ல் காலமானார்.

பாஷை அறியாதவர் இவ்வளவு செய்தார் என்றால், பாஷை அறிந்த நாம் எவ்வளவு செய்தல் வேண்டும்? பிறரிடம் வித்தை கற்பது அடிமைத்தனமன்று. கற்ற பின்னும் பிறரையே எதிர்பார்த்திருப்பதுதான் அடிமைத்தனம்.