மக்கிய உரம் வாங்குமுன் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள்



சுகாதாரப் பக்கத்தில் இந்த முறை உரத்தைப் பற்றி எழுதுகிறேன். "டிரெசருக்கு வேலை இல்லையா, உர வியாபாரத்தில் இறங்கிவிட்டாரா?" என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் வீட்டுக்குப் பின்னால் நாலு வெண்டைச் செடி, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு பாத்திக் கீரை என்று ஏதாவது போட்டிருப்பார்கள். கடையில் விலை ஏற ஏற இன்னும் பல பேர் மண்வெட்டியைக் கையில் எடுத்திருக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் லோரியில் கொண்டுவந்து 'மக்கிய உரம்' என்று விற்கும் மூட்டை எல்லாம் மக்கிய உரம் அல்ல. அதனால் வரும் வினை கிளினிக் வாசலில்தான் வந்து நிற்கிறது.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நீண்ட நாள் சர்க்கரை வியாதிக்காரர். மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு மூட்டை வாங்கி, வெறுங்காலோடு பாத்தியில் கொட்டி மிதித்துக் கிளறியிருக்கிறார். உரத்தில் உடைந்த கண்ணாடித் துண்டு. பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவருக்கு வெட்டியதே தெரியவில்லை. பேத்திதான் ரத்தத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். காப்பித் தூளை வைத்துக் கட்டிவிட்டு நாலு நாள் கழித்து என்னிடம் வந்தார். அதற்குள் கால் கறுத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மூட்டைக்கு அவர் மிச்சம் பிடித்தது சில வெள்ளிதான்.

நம் நாட்டில் 2019இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது தெரிந்தது. கிட்டத்தட்ட ஐந்து பேரில் ஒருவர். அதனால் இது ஒருவருடைய கதை என்று தள்ளிவிட முடியாது.

மக்கிய உரம் என்றால் என்ன? சாணம், இலைதழை, சமையல் கழிவு இவற்றைக் குவித்து வைத்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேலை செய்யும். குவியல் சூடாகும். 55 டிகிரி சூடு சில நாள் விடாமல் நின்று, குவியலைப் பலமுறை புரட்டியும் விட்டால், வெளிப்பக்கத்தில் இருந்ததும் உள்ளே போய் வேகும். அந்தச் சூட்டில்தான் வயிற்றுப்போக்குக் கிருமிகளும், புழு முட்டைகளும், களை விதைகளும் சாகின்றன. பிறகு ஆறி, பல வாரம் கிடந்து பதப்பட வேண்டும். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1924 முதல் 1931 வரை மத்திய இந்தியாவில் இந்தூரில் இருந்து இம்முறையை ஒழுங்குபடுத்தினார். அந்நாட்டு விவசாயிகளின் பழக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் மறைக்காமல் எழுதினார். அவர் கணக்கில் ஒரு குவியல் பதமாக ஏறக்குறைய மூன்று மாதம். தேயிலை, காப்பித் தோட்டங்களிலும் அம்முறை பரவியது.

அந்த மூன்று மாதத்துக்குப் பொறுமை இல்லாத வியாபாரி, கோழிப் பண்ணையில் அள்ளிய 'தாஹி ஆயாமை' மரத்தூளோடு கலந்து மூட்டை கட்டிவிடுகிறார். வீட்டில் பிரித்து வைத்தால் மறுநாளே ஈ. இந்த வெயிலுக்கு ஈ முட்டை புழுவாகி மறுபடி ஈயாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதே ஈதான் அடுப்படிச் சோற்றிலும் பிள்ளையின் பால் புட்டியிலும் வந்து உட்காருகிறது. கேமரன் மலையில் பச்சைக் கோழிச் சாணத்தால் வந்த ஈத்தொல்லை நாடறிந்த விஷயம்.

கீரைக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். மண்ணைத் தொட்டு வளரும் காய்கறிக்குப் பச்சைச் சாணம் போட்டால், அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி இருக்கவேண்டும் என்பது அமெரிக்காவில் இயற்கை விவசாயத்துக்கான விதி. நம் சிறுகீரை ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடுகிறது. ஆகவே கீரைப் பாத்திக்குப் பச்சைச் சாணம் கூடவே கூடாது. நன்கு மக்கியதுதான் போடவேண்டும்.

வாங்கும் இடத்திலேயே பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்க மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள். முகத்தை மூட்டைக்குள் விடாமல், ஒரு பிடி எடுத்துத் தள்ளி வைத்து மோந்து பாருங்கள். மழை பெய்த மண்வாசனை வந்தால் சரி. மூக்கைச் சுளிக்கவைக்கும் மூத்திர நெடி, அழுகிய முட்டை வாடை வந்தால் அது இன்னும் பச்சை. மூட்டையின் நடுவில் கையுறையோடு கையை விட்டால் கதகதவென்று சுடுகிறதா? உள்ளே வேலை முடியவில்லை என்று அர்த்தம். கைப்பிடியை இறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் நீங்கள் காசு கொடுப்பது தண்ணீருக்கு. சேர்ந்து நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் பதம். நிறம் கரும்பழுப்பாக இருக்கவேண்டும். வைக்கோல், இறகு, மரத்தூள் அப்படியே தெரிந்தாலும், பிளாஸ்டிக், கண்ணாடி, கம்பி கிடந்தாலும் வேண்டாம். வெள்ளையாக நூல் போல் பூஞ்சை தெரிந்தால் மட்டும் பயப்படாதீர்கள், அது மக்கும் வேலையில் சேர்ந்ததுதான்.

சாக்கையும் பாருங்கள். தயாரித்தவர் பெயர், விலாசம், என்னென்ன சேர்ந்தது என்று அச்சிட்டிருக்க வேண்டும். இயற்கை உரத்துக்கு எம்.எஸ். 1517 என்ற மலேசியத் தரம் ஒன்று உண்டு. அந்த எண் இருந்தால் நல்லது. பூச்சிமருந்து வந்த பழைய சாக்கில் கட்டியிருந்தால் தொடவே வேண்டாம். (பாராகுவாட்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை வந்துவிட்டது. ஆனால் பழைய மருந்துத் தோம்பில் தண்ணீர் மொண்டு செடிக்கு ஊற்றும் வீடுகளை நான் இன்னும் பார்க்கிறேன். அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.)

பத்து மூட்டை வேண்டும் என்றால் முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். ஒரு டப்பாவில் பாதி உரம், பாதி மண். இன்னொன்றில் வெறும் மண். இரண்டிலும் பத்துப் பத்துப் பச்சைப்பயறு ஊன்றித் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் இரண்டும் ஒரே மாதிரி முளைத்தால் மீதியை வாங்கலாம். உரம் போட்டதில் முளை வராமலோ நுனி கருகியோ போனால் சரக்கு சரியில்லை. இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்கள்.

செம்பனை ஆலையிலிருந்து வரும் வெறுங்குலை உரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆலைக் கழிவு நீரும் சேர்த்துப் புரட்டி நன்றாக மக்கவைத்தது அருமையான உரம். நார் நாராக இருக்கும் பச்சைக் குலையை வாங்கி வீட்டோரம் குவித்தால் ஈயும் காண்டாமிருக வண்டும் குடியேறும். தஞ்சோங் காராங், சிகிஞ்சான் பக்கத்து நெல் உமியைக் கரியாக்கியது கிடைத்தால், மக்கிய உரத்தோடு கலந்து தொட்டிக்குப் போடலாம், மண் இறுகாது. உமிக்கரி மட்டும் உரம் ஆகாது.

'தானா ஹித்தாம்' என்று விற்கும் கருமண் வேறு சங்கதி. அது எங்கோ தோண்டிய மண்ணாக இருக்கலாம். நம் நாட்டு ஈர மண்ணிலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி இருக்கிறது. அதற்கு அந்தப் பெயரை 1921இல் வைத்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை செய்த ஸ்டான்டன், பிளெட்சர் என்ற டாக்டர்கள். புண் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும். சர்க்கரைக்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கும். 2010இல் பகாங் லுபோக் யூவில் தண்ணீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிடையே இந்நோய் பரவி 8 பேர் இறந்தார்கள். காய்ச்சல், இருமல், ஆறாத கட்டி என்று வந்தால், "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மண்ணில் வேலை செய்தேன்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சல் மருந்துக்கு இது அடங்காது. ரத்தம் சோதித்து, சரியான மருந்தைப் பல வாரம் கொடுக்க வேண்டும்.

நல்ல உரத்திலும் தூசி உண்டு. 1988, 1989இல் தென் ஆஸ்திரேலியாவில் தொட்டிச் செடி மண்ணைக் கையாண்டவர்களுக்கு லீஜியோனெல்லா என்ற கிருமியால் நுரையீரல் காய்ச்சல் வந்தது. அதன்பின் அங்கே மூட்டையிலேயே எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். ஆகவே மூட்டையை வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்து வீசும்படி நின்று, கத்தியால் மெதுவாக அறுத்துத் திறந்து, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறுங்கள். வயதானவர்களும் புகைபிடிப்பவர்களும் முகக்கவசம் போடட்டும். காலில் பூட்ஸ், கையில் உறை அவசியம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெற்றிலை மடிக்கவோ, சிகரெட் எடுக்கவோ வேண்டாம்.

காயம் பட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவி அன்றைக்கே கிளினிக்குக்கு வாருங்கள். மண்ணிலும் சாணத்திலும் இழுப்புவாதம் என்ற டெட்டனஸ் கிருமி உண்டு. 15 வயதில் பள்ளியில் போட்ட ஊசி ஆயுசுக்கும் காவல் அல்ல. பத்து வருடத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். கடைசியாக எப்போது போட்டது என்று நினைவில்லாதவர்கள் காயத்துக்குக் காத்திராமல் வந்து கேளுங்கள். மீதி உரத்தைக் கூரைக்கடியில், தரையில் பலகை போட்டு, வாய் கட்டி வையுங்கள். அடுப்படியிலும் பிள்ளைகள் விளையாடும் ஐந்தடியிலும் வைக்காதீர்கள்.