எயார் பில்டரில் மிச்சம் பிடித்தால் எஞ்சினில் நட்டம்

கிரவல் பாதைகளில் சரக்குக் கொடுக்கவும் கடன் வசூலிக்கவும் சிறிய டிரெயில் மோட்டார் சைக்கிளில் செல்லும் வியாபாரிகள் பலர், ஒயில் மாற்றினால் போதும் என எண்ணி எயார் பில்டரை மறந்துவிடுகின்றனர். காபுரேட்டர் உள்ள வண்டியில் அது அடைபட்டால் பெற்றோல் கூடுதலாகச் செலவாகும், இழுவை குறையும், கரும்புகை வரும். கிழிந்தால் அதைவிட மோசம். மண்தூசி உட்சென்று பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும்.

இவ்வகை வண்டிகள் பலவற்றில் இருப்பது ஸ்பொன்ஞ் பில்டர். கழற்றியதும் காற்றுத் துவாரத்தைச் சுத்தமான துணியால் மூடுங்கள். சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் அழுத்திக் கழுவுங்கள், முறுக்க வேண்டாம். பெற்றோலில் கழுவினால் தீ ஆபத்து உண்டு, ஒட்டும் விட்டுப்போகும். நிழலில் நன்கு உலர்ந்தபின் பில்டர் ஒயில் பூசி, மேலதிக ஒயிலை அழுத்தி எடுங்கள். ஒயில் இல்லாத ஸ்பொன்ஞ் நுண்தூசியைப் பிடிக்காது. துணியை அகற்றி, ஓரங்களில் இடைவெளியின்றிப் பூட்டுங்கள்.

கடதாசி பில்டரைக் கழுவவோ ஒயில் பூசவோ கூடாது. குறித்த காலத்தில் மாற்ற வேண்டும்.

தூசிப் பாதையில் ஓடுவோர் வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. கிழிந்த, உதிரும் ஸ்பொன்ஞைக் கழுவிப் பயனில்லை; மாற்றிவிடுங்கள். புதிய பில்டரின் விலை, எஞ்சின் போர் செய்யும் செலவில் சிறு பங்கே. வண்டி கராஜில் நிற்கும் நாட்களில் தவறும் வியாபாரம் வேறு கணக்கு.