மருத்துவபீடப் பிரவேசமும் இரண்டாம் முயற்சியும்

க. பொ. த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகுங் காலத்தில், மருத்துவபீடத்திற்குத் தெரிவானோரின் படங்கள் பத்திரிகைகளை அலங்கரிக்கின்றன. பாடசாலை மதில்களிலே பாராட்டுப் பதாகைகள் தொங்குகின்றன. மூன்று பாடங்களிலும் நற்சித்தி எய்தியும் இடங் கிடையாது நின்ற மாணாக்கரைப் பற்றி எழுதுவார் இலர். அவர்களுட் பலர் சில கிழமைகள் வீட்டைவிட்டு வெளிவருவதுமில்லை. யூபிலி மலரிலே வெற்றிகளை மாத்திரம் எண்ணிப் பார்ப்பது வழக்கமாயினும், இவ்விடத்தில் அம்மாணாக்கரைக் குறித்துச் சில சொல்ல விரும்புகின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். மருத்துவபீடத்திற்குத் தெரிவாகாமை பரீட்சையிற் சித்தியெய்தாமை அன்று. பரீட்சை ஒருவரது அறிவை அளக்கின்றது. தெரிவோ உள்ள இடங்களுக்கு ஏற்ப வரிசையை ஓரிடத்தில் வெட்டுகின்றது. வெட்டுக்கு மேலே நின்ற கடைசி மாணாக்கனுக்கும் கீழே நின்ற முதல் மாணாக்கனுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை எந்த நோயாளியும் எக்காலத்தும் உணரப்போவதில்லை. ஆயினும் ஊரார் முதல்வனை ‘டொக்டர்’ என்றும், மற்றவனை ‘தவறிப் போனவன்’ என்றும் அழைக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

இவ்வரிசை எவ்வாறு அமைகின்றது? 2001ஆம் ஆண்டு தொடக்கம் இசட் புள்ளியே இதற்கு அடிப்படை. ஒரு பாடத்திற்குத் தோற்றிய பரீட்சார்த்திகள் பெற்ற புள்ளிகளின் இடையை ஒருவரது புள்ளியினின்றுங் கழித்து, எஞ்சியதை நியம விலகலாற் பிரித்தால் அப்பாடத்திற்குரிய இசட் புள்ளி கிடைக்கும். நியம விலகல் என்பது, புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவாகும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றினதும் இசட் புள்ளிகளின் சராசரியே மாணாக்கனின் இடத்தை நிர்ணயிக்கின்றது. உதாரணமாக, ஒரு பாடத்தில் இடை 45, நியம விலகல் 15 எனக் கொள்வோம். அதில் 75 புள்ளி பெற்றவனுக்கு இசட் புள்ளி 2 ஆகும். மற்றொரு பாடத்தில் இடை 40, விலகல் 20 ஆயின், அதே 2ஐ அடைவதற்கு 80 புள்ளி வேண்டும். ஆகவே ‘அவனுக்கு எத்தனை மாக்ஸ்?’ என்று வினவுவதில் பயன் அதிகமில்லை.

இக்கணக்கைச் சிறிது நீட்டிப் பார்த்தல் இரண்டாம் முறை எழுத எண்ணுவோர்க்கு மிக அவசியம். ஒருவன் தன் மாவட்ட வெட்டுப்புள்ளியை 0.1ஆல் தவறவிட்டான் என்போம். 0.1 என்பது மூன்று பாடங்களின் சராசரியாதலால், மொத்தத்தில் அவனுக்குக் குறைந்தது 0.3. விலகல் 15 ஆகவுள்ள பாடமாயின் இது நாலரைப் புள்ளிக்குச் சமன். அதாவது பௌதிகவியலிற் கைநழுவிய ஓர் அமைப்புக் கட்டுரை வினாவின் ஒரு பகுதி. 0.5ஆல் தவறியவனுக்கோ மூன்று பாடங்களிலுமாக இருபத்திரண்டு புள்ளிக்கு மேல் வேண்டும். முன்னவனுக்குத் தேவை திருத்தம். பின்னவனுக்குத் தேவை புதிய படிப்பு. இருவருக்கும் ‘இன்னொருமுறை எழுது’ என்ற ஒரே புத்திமதியை வழங்குவதே நம் சமூகத்தின் வழக்கமாக இருக்கின்றது. இடையும் விலகலும் வெட்டுப்புள்ளியும் ஆண்டுதோறும் மாறுவன என்பதையும் மறத்தலாகாது.

இனி மாவட்டம் என்பது. நாடளாவிய திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்ப 55 வீதம், கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் என்னும் பங்கீடு பல்லாண்டுகளாக வழக்கிலிருந்து வருகின்றது. எனவே ஒரு மாவட்டத்தில் இடம்பெறாத புள்ளி பிறிதொரு மாவட்டத்தில் இடம்பெறுதல் உண்டு. ஆய்வுகூடமும் ஆசிரியருமின்றிக் கற்கும் பிள்ளைக்கு வேறு வழி எது என்று கேட்பாரோடு நாம் உடன்படுகின்றோம். ஆயினும் தமிழ் மாணாக்கரின் நினைவில் ‘தரப்படுத்தல்’ என்ற சொல் ஏன் இன்னும் ஆறாப் புண்ணாக இருக்கின்றது என்பதையும் இளைஞர் அறிதல் வேண்டும். 1971இல் மருத்துவ, பல்மருத்துவத் துறைகளுக்குச் சிங்கள மொழிமூல மாணாக்கர்க்கு 229 புள்ளி போதுமாயிருக்கத் தமிழ் மொழிமூல மாணாக்கர்க்கு 250 வேண்டப்பட்டது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அக்காலத்திற் பின்தள்ளப்பட்டோருக்கு இடர் விளைத்தது அவர்தம் விடைத்தாள் அன்று.

கணக்கு முறையே ஒருவரது இடத்தை மாற்றவல்லது என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிற் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் ஒருங்கே தோற்றினர். இரு சாராரையும் ஒன்றாக்கி இசட் புள்ளி கணித்த முறை வழக்காயிற்று. 2012 யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இரு சாரார்க்கும் வெவ்வேறாகக் கணிக்குமாறு பணித்தது. எழுதிய விடைகள் அவையே. கணிக்கும் முறையே மாறியது.

பெறுபேறு கண்டவுடன் நம்பிக்கை இழத்தலும் கூடாது, உடனே தனியார் கல்வி நிலையத்திற்குப் பணங் கட்டி விடுதலும் கூடாது. முதற் தெரிவிற் சேராதோரின் இடங்கள் வெற்றிடமாகி, அடுத்து நிற்போரால் நிரப்பப்படுவது வழக்கம். மயிரிழையில் தவறியோர்க்கு இதனால் வாய்ப்புக் கிட்டலாம். விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிப்பதாயின் குறித்த தவணைக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலை முதற் பக்கத்திலிருந்து வாசித்தல். பிறிதொரு பாடநெறியிற் பதிவு செய்துகொண்டே அடுத்த பரீட்சையையும் எழுதலாம் என்று எண்ணுவோர், அப்பதிவு மறுவிண்ணப்பத்தைப் பாதிக்குமா என்பதை அக்கைந்நூலிலே பார்த்தறிந்த பின்னரே கையொப்பமிடல் வேண்டும். இவ்விடயத்தில் அயலவரின் சொல் ஆதாரமாகாது.

பல்கலைக்கழகப் பிரவேசத்திற்கு மூன்று தடவை தோற்ற இடமுண்டு. ஆனால் மூன்று பாடங்களையும் ஒரே அமர்வில் எழுதுதல் வேண்டும்; சென்ற ஆண்டில் உயிரியலிற் பெற்ற சிறந்த புள்ளியை இவ்வாண்டுக்குக் கொண்டுவர இயலாது. இரண்டாம் முறை எழுதுவோர் இழைக்கும் பெருந்தவறு இங்கேதான் பிறக்கின்றது. முன்னர் வழுவிய பாடத்திற்கே முழு நேரத்தையுங் கொடுத்து, வல்ல பாடத்தைத் துருப்பிடிக்க விட்டு, ஒன்றில் ஏறியதை மற்றொன்றில் இழந்து பழைய இடத்திலேயே நிற்போர் பலர்.

மற்றொரு தவறு, அதே ஆசிரியரிடம் அதே குறிப்புக்களை மீண்டும் ஓராண்டு கேட்டல். கேட்ட பாடத்தை மறுபடி கேட்கும்போது யாவும் தெரிந்தனபோலத் தோன்றும்; எழுதும்போதே தெரியாமை வெளிப்படும். பரீட்சைத் திணைக்களம் கடந்த வினாத்தாள்களுக்கு மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிடுகின்றது. எவ்வினாவிற் பரீட்சார்த்திகள் எங்கே தவறினர், புள்ளி எதற்கு வழங்கப்பட்டது என்பன அவற்றிற் காணப்படும். இவ்வறிக்கைகளை அருகே வைத்துக்கொண்டு தன் விடையைத் தானே திருத்திப் பழகுவது மாதக் கட்டணம் செலுத்திக் கேட்கும் பல விரிவுரைகளினும் மேலானது என்பது எம் கருத்து. பல்தேர்வு வினாத்தாளில் 50 வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடமும் 24 செக்கனுமே. கடிகாரத்தை முன்வைத்துப் பழகாதவன் அறிந்த வினாவையும் தொடாது விடுவான்.

மூன்றாம் முயற்சியைப் பற்றி நாம் தயங்கியே பேசுகின்றோம். இரண்டாம் முறையில் வெட்டுப்புள்ளியை நெருங்கியவர்க்கு அது தகும். முதல் முறையினும் கீழே இறங்கியவரைப் பெற்றோர் தம் ஆசையின்பொருட்டு மூன்றாவது ஆண்டுக்குந் தள்ளுதல் தகாது. பல்மருத்துவம், மிருக வைத்தியம், சித்த மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்பனவெல்லாம் நோய் தீர்க்கும் பணியின் அங்கங்களே. இவற்றை ‘இரண்டாந்தரம்’ என்று பேசும் வீடுகளிற் பிள்ளைகள் படும் அவதியைச் சொல்லி முடியாது. பிறநாட்டிற் கற்பிக்க வசதியுடையோர், அப்பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்கின்றதா என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். திரும்பி வந்தபின் அச்சபை நடத்தும் பதிவுக்கான பரீட்சையிலும் தேறினாலன்றி இங்கே தொழில் புரிதல் இயலாது. காணியை விற்று அனுப்பியபின் இதனை அறிந்த குடும்பங்களும் உள.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். பாடசாலையைவிட்டு விலகித் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுவோர்க்கு ஆய்வுகூடம் இல்லை, நூலகம் இல்லை, சந்தேகங் கேட்க ஆசிரியரும் இல்லை, தம் வகுப்புத் தோழர் சென்றுவிட்டமையால் ஒருவரோடொருவர் விவாதித்துக் கற்கும் வாய்ப்பும் இல்லை. அதிபரின் அனுமதியோடு, சனிக்கிழமைகளிற் பௌதிக, இரசாயன ஆய்வுகூடங்களையும் வாசிகசாலையின் ஓர் அறையையும் இவர்களுக்குத் திறந்துவிடுவதற்குச் சங்கம் ஒழுங்கு செய்யலாம். மின்கட்டணத்தையும் ஆய்வுகூட உதவியாளரின் வேதனத்தையும் சங்கம் ஏற்றல் வேண்டும். வைத்தியர்களாயுள்ள எம் பழைய மாணவருள் இரண்டாம் முறையிலே இடம்பெற்றோர் இருப்பின், அவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் அங்கே வந்திருந்து விடைத்தாள் திருத்திக் கொடுத்தாற் போதும். மேடையேறிப் பேச வேண்டியதில்லை.